ரத்தப் பிரிவு ஒன்றுதான், பிறகு ஏன் ரத்தம் சேரவில்லை? சிவப்பணு எதிர்ப்பொருள்கள் பற்றிய ஒரு விளக்கம்

தலசீமியா உள்ள ஒரு குழந்தைக்கு வருடக்கணக்காக 3 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றி வருகிறார்கள். ஒருநாள் ரத்த வங்கியிலிருந்து வந்த தாளில் 'ஆன்டிபாடி ஸ்கிரீன் பாசிட்டிவ், ரத்தம் தர நேரமாகும்' என்று எழுதியிருக்கிறது. பெற்றோருக்கு ஒன்றும் புரிவதில்லை. குழந்தையின் ரத்தப் பிரிவு மாறவில்லை. அதே பிரிவு ரத்தம் வங்கியில் இருப்பதாகவும் சொல்கிறார்கள். போன மாதம்வரை சேர்ந்த ரத்தம் இப்போது ஏன் சேரவில்லை என்ற கேள்விக்கு, வார்டில் கிடைக்கும் அவசரப் பதில் போதுவதில்லை.

அரிவாள் செல் ரத்தசோகை, எலும்பு மஜ்ஜைக் கோளாறுகள் என்று தொடர்ந்து ரத்தம் தேவைப்படும் எல்லோருக்கும் இந்த நிலை வரலாம். இதைப் புரிந்துகொள்ள ரத்தப் பிரிவு என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

'எதிர்பாராத' எதிர்ப்பொருள் என்றால் என்ன?

சிவப்பணுவின் மேற்பரப்பில் புரதமும் சர்க்கரையும் சேர்ந்த பல அடையாளங்கள் உண்டு. இவற்றை ஆன்டிஜென் என்கிறோம். தனக்கு அந்நியமான ஆன்டிஜெனைப் பிடிக்க உடல் உருவாக்கும் புரதம்தான் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி. ஏ, பி என்ற அடையாளங்களை 1900, 1901 ஆண்டுகளில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்தார். ஏ, பி இருக்கிறதா, ஆர்எச் டி இருக்கிறதா என்பதை மட்டும் வைத்துத்தான் 'ஓ பாசிட்டிவ்', 'பி நெகட்டிவ்' என்று சொல்கிறோம்.

இன்று அறியப்பட்டவை 40க்கும் மேற்பட்ட ரத்தப் பிரிவு அமைப்புகள், 300க்கும் மேற்பட்ட ஆன்டிஜென்கள். ஆர்எச் அமைப்பிலேயே டி தவிர பெரிய சி, சிறிய சி, பெரிய ஈ, சிறிய ஈ என்று பல உண்டு. கெல், டஃபி, கிட், எம்என்எஸ் ஆகியவை தனித்தனி அமைப்புகள். டஃபி என்ற பெயர் 1950இல் வந்தது. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு ஹீமோபிலியா நோயாளியின் ரத்தத்தில்தான் அந்த ஆன்டிஜெனுக்கு எதிரான எதிர்ப்பொருள் முதலில் அகப்பட்டது, அவருடைய குடும்பப் பெயரே அமைப்புக்கும் நிலைத்தது. இந்தப் பட்டியலில் பல பெயர்கள் இப்படி, ரத்தம் சேராமல் போன நோயாளிகளிடமிருந்தும் தாய்மார்களிடமிருந்தும் வந்தவைதான்.

ஆக, 'ஒரே பிரிவு ரத்தம்' என்பது இரண்டு மூன்று அடையாளங்கள் ஒத்துப்போகும் ரத்தம், அவ்வளவுதான். மற்ற அடையாளங்களில் ஒவ்வொரு பையும் வேறுபடும்.

ஓ பிரிவுக்காரர் யாரிடமும் ரத்தம் வாங்கியிருக்காவிட்டாலும் அவர் உடலில் ஏ, பி இரண்டுக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். குடல் பாக்டீரியாக்களில் உள்ள இதே போன்ற சர்க்கரை அமைப்புகளைப் பார்த்துப் பிறந்த சில மாதங்களிலேயே அது உருவாகிவிடுகிறது. இது ஓ பிரிவினர் எல்லோருக்கும் இருக்க வேண்டியது, எனவே 'எதிர்பார்த்த' எதிர்ப்பொருள். இது தவிர வேறெந்த சிவப்பணு ஆன்டிஜெனுக்கு எதிராகவும் ஒருவர் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்பட்டால் அதற்கு 'எதிர்பாராத' என்று பெயர். இவற்றில் சில குளிரில் மட்டும் வேலை செய்யும், பெரும்பாலும் தீங்கில்லாதவை. நாம் கவலைப்பட வேண்டியது ஆர்எச், கெல், டஃபி, கிட் போன்றவற்றுக்கு எதிராக, உடல் வெப்பநிலையில் வேலை செய்யும் ஐஜிஜி வகை எதிர்ப்பொருள்களைப் பற்றி. பிறருடைய சிவப்பணு உடலுக்குள் வந்த பிறகே இவை உருவாகின்றன. ரத்தம் ஏற்றும்போது அப்படி நடக்கிறது, கர்ப்பத்தின்போதும் நடக்கிறது.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். எதிர்ப்பொருள் உருவானதற்குத் தானம் செய்தவரின் ரத்தம் கெட்டுப்போனது காரணமல்ல. அது தொற்றும் அல்ல. கிருமிச் சோதனைகள் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் இதைத் தடுக்காது. வெள்ளணு நீக்கிய ரத்தம், கதிர்வீச்சு செய்த ரத்தம் ஆகியவை வேறு ஆபத்துகளைத் தடுக்கின்றன. சிவப்பணுவின் மேலுள்ள ஆன்டிஜென் அவற்றிலும் அப்படியே இருக்கும்.

எல்லோருக்கும் வருவதில்லை. ஏன்?

ஏதோ ஒரு காரணத்துக்காக மருத்துவமனையில் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பொதுவான நோயாளிகளில் 100க்கு சுமார் 1 முதல் 3 பேருக்கே இத்தகைய எதிர்ப்பொருள் காணப்படுகிறது. ஏபிஓ, டி மட்டும் பொருத்திக் கொடுத்தபோது அரிவாள் செல் நோயாளிகளில் இது 100க்கு 20, 30 என்றும், சில இடங்களில் அதற்கு மேலும் போயிருக்கிறது. தலசீமியாவில் மையத்துக்கு மையம் பெரிய வேறுபாடு உண்டு. வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல:

1. ஏற்றிய பைகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு பையும் புதிய அடையாளங்களை உடலுக்குக் காட்டுகிறது.

2. தானம் தருபவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான மரபு வேறுபாடு. ஆப்பிரிக்க வம்சாவளியினரில் பெரும்பாலோரின் சிவப்பணுவில் டஃபி ஏ, டஃபி பி இரண்டுமே இருக்காது. வைவாக்ஸ் மலேரியா ஒட்டுண்ணி அணுவுக்குள் நுழைய டஃபி வாசலாக இருப்பதால், அது இல்லாதவர்கள் அந்தப் பகுதிகளில் பிழைத்துப் பெருகினார்கள். அரிவாள் செல் நோயும் அதே மக்களிடம் அதிகம். ஆனால் பல நாடுகளின் ரத்த வங்கிகளில் இருப்பது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் ரத்தம். மேலே சொன்ன உயர்ந்த எண்களில் ஒரு பங்கு இந்த இடைவெளியிலிருந்து வருகிறது.

3. ரத்தம் ஏற்றும் நேரத்தில் உடலின் நிலை. கடும் காய்ச்சலும் அழற்சியும் இருக்கும்போது நோய் எதிர்ப்பு மண்டலம் விழித்த நிலையில் இருக்கிறது. அப்போது வரும் அந்நிய அணுவை அது எளிதில் அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது.

4. முதல் ரத்தம் ஏற்றிய வயது. தலசீமியாவில் மிகச் சிறு வயதிலேயே தொடங்கியவர்களுக்கு எதிர்ப்பொருள் குறைவாக உருவாவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மண்ணீரல் அகற்றப்பட்டவர்களிடம் அதிகமாகக் காணப்படுகிறது.

5. ஆளின் இயல்பு. நூறு பைகள் ஏற்றியும் ஒரு எதிர்ப்பொருள்கூட உருவாக்காதவர்கள் இருக்கிறார்கள், மூன்றாவது பையிலேயே உருவாக்குபவர்களும் இருக்கிறார்கள். ஒன்றை உருவாக்கியவருக்கு அடுத்ததும் உருவாகும் வாய்ப்பு அதிகம்.

நோயாளியோ பெற்றோரோ உணவிலோ மருந்திலோ தவறு செய்ததால் இது வருவதில்லை. குற்ற உணர்வோடு இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பலர் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆய்வகத்தில் அந்த நேரம் எங்கே போகிறது?

ஐஜிஜி எதிர்ப்பொருள் சிவப்பணுவில் ஒட்டிக்கொண்டாலும் அணுக்கள் கட்டி தட்டாது, ஏனென்றால் இரண்டு அணுக்களை இணைத்துப் பிடிக்கும் அளவுக்கு அது நீளமல்ல. கண்ணால் பார்த்தால் எல்லாம் சேர்ந்த மாதிரியே இருக்கும். 1945இல் ராபின் கூம்ப்ஸும் உடன் பணியாற்றியவர்களும் இதற்கு வழி கண்டார்கள். மனித எதிர்ப்பொருளையே பிடிக்கும் இன்னொரு எதிர்ப்பொருளைச் சேர்த்தால் அது பாலம் போட்டு அணுக்களைக் கட்டி தட்ட வைக்கும். இதுதான் கூம்ப்ஸ் சோதனை. நோயாளியின் சிவப்பணுவில் ஏற்கெனவே எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது நேரடிக் கூம்ப்ஸ். நோயாளியின் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது மறைமுகக் கூம்ப்ஸ்.

ஸ்கிரீனிங்கில் ஆன்டிஜென்கள் அறியப்பட்ட 2 அல்லது 3 ஓ பிரிவு அணு மாதிரிகளோடு நோயாளியின் பிளாஸ்மாவைச் சேர்க்கிறார்கள். பல இடங்களில் இது ஜெல் கார்டில் நடக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் அட்டை, அதில் வரிசையாகச் சிறு குழாய்கள், குழாய்க்குள் ஜெல். சுழற்றி எடுத்ததும் தூக்கிப் பார்க்கலாம். எதிர்ப்பொருள் இல்லையென்றால் சிவப்பணுக்கள் ஜெல்லுக்குள் இறங்கி அடியில் சிவப்புப் பொட்டாக நிற்கும். இருந்தால் கட்டிதட்டிய அணுக்கள் ஜெல்லைத் தாண்ட முடியாமல் மேலேயே சிவப்புக் கோடாகத் தங்கிவிடும். பலவீனமான எதிர்ப்பொருள் என்றால் நடுவழியில் தூவியது போல் சிதறி நிற்கும். அந்தச் சிதறலைப் பார்க்கத் தவறுவதுதான் பயம்.

ஸ்கிரீன் பாசிட்டிவ் என்றால் 'ஏதோ ஒன்று இருக்கிறது' என்று மட்டுமே பொருள். அது எது என்று கண்டுபிடிக்கப் பேனல் போட வேண்டும். பொதுவாக 11 பேரின் அணுக்கள், ஒவ்வொன்றிலும் எந்த ஆன்டிஜென் உண்டு, எது இல்லை என்று கட்டம் கட்டமாகக் குறித்த தாள். நோயாளியின் பிளாஸ்மா எந்த அணுவைக் கட்டி தட்ட வைக்கவில்லையோ அந்த அணுவில் இருக்கும் ஆன்டிஜென்களை டெக்னீசியன் ஒவ்வொன்றாகப் பென்சிலால் அடித்துக்கொண்டே வருவார். கடைசியில் அடிபடாமல் மிஞ்சுவதுதான் சந்தேகத்துக்குரியது. அது உறுதியாக வேண்டுமானால் அந்த ஆன்டிஜென் உள்ள 3 அணுக்களாவது கட்டி தட்ட வேண்டும், இல்லாத 3 அணுக்களாவது தட்டாமல் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி.

எதிர்ப்பொருள் ஒன்றே ஒன்றாக இருந்தால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு மூன்று கலந்திருந்தால் ஒன்றின் நிழலில் மற்றொன்று ஒளிந்துகொள்ளும். பெரிய ஈ எதிர்ப்பொருள் உள்ளவரிடம் சிறிய சி எதிர்ப்பொருள் கூடவே இருப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அப்போது பப்பெயின் போன்ற நொதிகளால் அணுவைப் பக்குவப்படுத்திப் பார்ப்பார்கள். நொதி டஃபி, எம் போன்ற ஆன்டிஜென்களை அழித்துவிடும், ஆர்எச், கிட் வினைகளைக் கூட்டிக் காட்டும். ஒன்றை மறைத்து மற்றொன்றை வெளியே கொண்டுவரும் வேலை இது. அவசரப்படுத்தினால் தவறு வரும்.

உண்மையான ஆபத்து: சோதனையில் மறையும் எதிர்ப்பொருள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பொருள் உருவான பிறகு அதைத் தூண்டிய ஆன்டிஜென் மீண்டும் வராவிட்டால், பிளாஸ்மாவில் அதன் அளவு மெல்லக் குறையும். சில மாதங்களில், சில ஆண்டுகளில் சோதனையில் பிடிபடாத அளவுக்குப் போய்விடும். ஸ்கிரீன் நெகட்டிவ் என்று வரும். நோயாளியின் பிளாஸ்மாவைப் பையிலுள்ள அணுக்களோடு கலந்து பார்க்கும் கிராஸ்மேட்சும் சேரும். ஆனால் அதை உருவாக்கிய நினைவுச் செல்கள் உடலில் அப்படியே இருக்கின்றன. கிட் எதிர்ப்பொருள்கள் இதில் பேர் போனவை.

இந்த நிலையில் அதே ஆன்டிஜென் உள்ள ரத்தத்தை ஏற்றினால் நடப்பது இது:

1. ஏற்றும்போது ஒன்றும் ஆகாது. காய்ச்சல் இல்லை, நடுக்கம் இல்லை, ஹீமோகுளோபின் கூடும், நோயாளி வீட்டுக்குப் போவார்.

2. நினைவுச் செல்கள் விழித்து, பெரும்பாலும் 3 முதல் 14 நாட்களுக்குள் எதிர்ப்பொருளை வேகமாகப் பெருக்கும்.

3. ஏற்றிய சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கருத்த தேநீர் நிறத்துக்கு வரும், காய்ச்சல் வரலாம், ஹீமோகுளோபின் இறங்கும்.

4. இப்போது நேரடிக் கூம்ப்ஸ் சோதனை செய்தால் பெரும்பாலும் பாசிட்டிவாக இருக்கும். சில வேளை எதிர்ப்பொருள் முழுவதும் அணுவில் ஒட்டிக்கொண்டு பிளாஸ்மாவில் அகப்படாது. அணுவிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, அந்தக் கரைசலைப் பேனலோடு சோதித்தால்தான் எது என்று தெரியும்.

இதற்குத் தாமதமான ரத்தச் சிதைவு எதிர்வினை என்று பெயர். இதில் வருந்த வேண்டியது, எதிர்வினை தெரியும் நாளில் நோயாளி மருத்துவமனையில் இருப்பதில்லை. பத்து நாள் முன்பு ஏற்றிய ரத்தத்தோடு இன்றைய மஞ்சள் காமாலையை யாரும் தொடர்புபடுத்துவதில்லை. கல்லீரல் சோதனை, வைரஸ் சோதனை என்று வேறு பாதையில் போய்விடுகிறார்கள். ரத்தம் ஏற்றி ஒரு மாதத்துக்குள் இப்படி வந்தால் 'எப்போது ரத்தம் ஏற்றினீர்கள்?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இதனால்தான் ஒருமுறை கண்டறிந்த எதிர்ப்பொருளை, பின்னர் எத்தனை சோதனைகளில் நெகட்டிவ் வந்தாலும், வாழ்நாள் முழுவதும் இருப்பதாகவே கொள்ள வேண்டும். அந்த ஆன்டிஜென் இல்லாத ரத்தத்தைத் தேர்ந்தெடுத்து, கூம்ப்ஸ் முறையில் முழுக் கிராஸ்மேட்சும் செய்துதான் ஏற்ற வேண்டும். 'கிராஸ்மேட்ச் சேர்ந்துவிட்டதே, பிறகு எதற்கு ஆன்டிஜென் பார்க்க வேண்டும்' என்ற வாதத்துக்கு மேலே சொன்னதே பதில். கடந்த 3 மாதத்தில் ரத்தம் ஏற்றியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் 3 நாட்களுக்கு மேற்பட்ட பழைய மாதிரியை வைத்துச் சோதிக்கக் கூடாது என்ற விதியும் இதே காரணத்தால் வந்தது. 'போன வாரம்தானே ரத்தம் எடுத்தீர்கள்' என்று அலுத்துக்கொள்ளும்போது இதை எண்ணிக்கொள்ளலாம்.

அரிவாள் செல் நோயில் இது ஏன் இன்னும் மோசம்?

அரிவாள் செல் நோயாளிகளுக்குச் சில நேரம் ஏற்றிய அணுக்களோடு அவர்களுடைய சொந்த அணுக்களும் உடைகின்றன. ஹீமோகுளோபின், ரத்தம் ஏற்றுவதற்கு முன் இருந்த அளவைவிடக் கீழே போகும். இதை மிகைச் சிதைவு நிலை எனலாம். கூடவே கடும் வலி வருவதால் இது வழக்கமான வலி நெருக்கடி என்று தவறாக எண்ணப்படுகிறது. ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறதே என்று மேலும் ரத்தம் ஏற்றினால் அது எரியும் நெருப்பில் எண்ணெய் விட்டதாகிவிடும். சில நோயாளிகளிடம் புதிய எதிர்ப்பொருள் எதுவும் அகப்படாமலேயே இது நடக்கிறது. ஏற்றிய அணுக்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பதை தானமாக வந்த அணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் ஏ அளவின் வீழ்ச்சி காட்டிக்கொடுக்கும்.

எல்லாப் பாசிட்டிவும் ஒன்றல்ல

பேனலில் எல்லா அணுக்களோடும் கட்டி தட்டினால் வேறு இரண்டு வாய்ப்புகளை யோசிக்க வேண்டும்.

முதலாவது, தன் சொந்த சிவப்பணுவுக்கே எதிரான எதிர்ப்பொருள். தொடர்ந்து ரத்தம் ஏற்றுபவர்களுக்கு இது பிறருடைய அணுவுக்கு எதிரான எதிர்ப்பொருளோடு (அந்நிய எதிர்ப்பொருள்) சேர்ந்தே உருவாகலாம். அப்போது எந்தப் பையும் முழுமையாகச் சேராது. தன் எதிர்ப்பொருளை உறிஞ்சி நீக்கிவிட்டு, அடியில் அந்நிய எதிர்ப்பொருள் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியமான வேலை. அது இல்லையென்று உறுதியானால், கிராஸ்மேட்ச் சேராவிட்டாலும் உயிருக்கு ஆபத்தான ரத்தசோகையில் ரத்தத்தை நிறுத்தி வைக்கக் கூடாது.

இரண்டாவது, மருந்து. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் டாராட்டுமுமாப் என்ற மருந்து 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மருந்தே ஒரு எதிர்ப்பொருள். சிடி38 என்ற புரதத்தை அது பிடிக்கும், சிவப்பணுவிலும் அந்தப் புரதம் சிறிதளவு இருப்பதால் பேனல் முழுவதும் பாசிட்டிவ் ஆகிவிடும். கடைசி ஊசிக்குப் பிறகும் சுமார் 6 மாதம் வரை இது நீடிக்கலாம். டைதயோதிரைட்டால் (டிடிடி) என்ற வேதிப்பொருளால் அணுவைப் பக்குவப்படுத்தினால் இந்தக் குறுக்கீடு போகும், ஆனால் கெல் ஆன்டிஜெனும் கூடவே அழிந்துவிடும். அதனால் பொதுவாகக் கெல் இல்லாத ரத்தமே தருவார்கள். இந்த மருந்தைத் தொடங்கும் முன்பே நோயாளியின் முழு ஆன்டிஜென் விவரத்தைப் பதிந்து வைத்தால் பின்னால் வரும் அலைச்சல் பாதியாகக் குறையும்.

பொருந்தும் பை எத்தனை?

கணக்கு எளிது. ஒரு சமூகத்தில் கிட் ஏ இல்லாதவர்கள் 100க்கு 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். கிட் ஏ எதிர்ப்பொருள் உள்ளவருக்கு 2 பை வேண்டுமென்றால் ஏபிஓ பொருந்தும் 10 பைகளைச் சோதிக்க வேண்டும். கூடவே சிறிய சி எதிர்ப்பொருளும் இருக்கிறது, சிறிய சி இல்லாதவர்களும் 100க்கு 20 பேர் என்றால் இரண்டும் இல்லாதவர்கள் 100க்கு 4 பேர். இப்போது 50 பைகள். மூன்றாவதாக, பாதிப் பேரிடம் உள்ள ஒரு ஆன்டிஜெனுக்கும் எதிர்ப்பொருள் சேர்ந்தால் 100 பைகள்.

'தானம் தர ஐந்து நண்பர்களைக் கூட்டி வந்தோம், ஒருவர் ரத்தமும் எடுத்துக்கொள்ளவில்லை' என்ற மனத்தாங்கலுக்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான். ஆன்டிஜென் விவரம் தெரிந்த தானதாரர்களின் பட்டியலை வங்கி முன்கூட்டியே வைத்திருந்தால் தேடல் சுருங்கும். மிக அரிய வகைகளை உறைய வைத்து ஆண்டுக்கணக்கில் சேமிக்கிறார்கள். நாடுகளுக்கு இடையே தேட 1965 முதல் சர்வதேச அரிய தானதாரர் பட்டியல் ஒன்றும் இருக்கிறது.

முன்கூட்டியே தடுக்க முடியுமா?

முழுவதும் முடியாது, வெகுவாகக் குறைக்க முடியும். முதல் பை ஏற்றும் முன்பே நோயாளியின் ஆர்எச், கெல், டஃபி, கிட், எம்என்எஸ் விவரங்களைச் சோதித்து வைப்பது முதல் படி. ரத்தம் ஏற்றிவிட்டால் நோயாளியின் அணுவும் தானதாரரின் அணுவும் கலந்துவிடும், சாதாரணச் சோதனை குழப்பும், மரபணுச் சோதனையைத்தான் நாட வேண்டியிருக்கும். அடுத்தது, எதிர்ப்பொருள் உருவாகும் முன்பே பெரிய சி, சிறிய சி, பெரிய ஈ, சிறிய ஈ, கெல் ஆகியவற்றையும் பொருத்திக் கொடுப்பது. தலசீமியாவுக்கும் அரிவாள் செல் நோய்க்குமான சர்வதேச வழிகாட்டுதல்கள் இதைத்தான் சொல்கின்றன. பெண் குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம். டி, சிறிய சி, கெல் எதிர்ப்பொருள்கள் பிற்காலத்தில் கர்ப்பத்தில் சிசுவின் சிவப்பணுவையும் தாக்கக்கூடியவை.

செலவாகும் என்பது உண்மை. ஆனால் வாழ்நாள் முழுக்க ரத்தம் தேவைப்படும் ஒருவருக்கு முதல் நாளில் செய்யும் ஒரு விரிவான சோதனை, பின்னால் ஒவ்வொரு முறையும் 50 பைகளைத் துழாவுவதைவிட மலிவு. இதைத் தள்ளிப்போடுவதற்கு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நோயாளியின் கையில் இருக்க வேண்டியது

எதிர்ப்பொருள் சோதனையிலிருந்து மறைந்துவிடுவதால், அது இருந்தது என்பதற்கு எழுத்துப் பதிவைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தப் பதிவு பெரும்பாலும் அதைக் கண்டறிந்த ரத்த வங்கியின் கணினியில் மட்டுமே கிடக்கிறது. நோயாளி வேறு ஊருக்குப் போய், வேறு மருத்துவமனையில் நள்ளிரவில் சேர்ந்தால் அங்கே யாருக்கும் அது தெரியாது. எனவே ரத்த வங்கியிடம் கேட்டு ஒரு அட்டையோ கையெழுத்திட்ட தாளோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

1. ஏபிஓ, ஆர்எச் டி பிரிவும் விரிவான ஆன்டிஜென் விவரமும்.

2. இதுவரை கண்டறிந்த ஒவ்வொரு எதிர்ப்பொருளின் பெயரும் கண்டறிந்த தேதியும், இப்போது நெகட்டிவ் ஆனதும் உட்பட.

3. கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதி, இதற்கு முன் வந்த எதிர்வினைகள்.

4. சோதனையில் குறுக்கிடும் மருந்துகள் ஏதேனும் எடுத்திருந்தால் அதன் பெயரும் கடைசி ஊசியின் தேதியும்.

அட்டையைப் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனில் வைத்திருங்கள். ரத்த மாதிரி எடுக்க வரும் ஊழியரிடம், அவர் கேட்காவிட்டாலும், ஊசி போடும் முன்பே அதைக் காட்டுங்கள். விண்ணப்பப் படிவத்தில் 'முந்தைய எதிர்ப்பொருள்' என்ற இடம் காலியாக இருந்தால் நிரப்பச் சொல்லுங்கள்.